சமத்துவக் கொள்கையில் தப்பான வரி: நிர்வாகத்தைக் கொண்டே திருத்த வைப்பது எப்படி?

மதுரையில் நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் சமத்துவக் கொள்கை என்று ஒரு காகிதம் இருந்தால், அது பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் வந்திருக்கும். இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் வளாகங்களில் உள்ள ஐ.டி. நிறுவனம் என்றால், தலைமை அலுவலகத்திலிருந்து இறங்கிய பி.டி.எஃப். மருத்துவமனை, கல்லூரி, கப்பலூர் பக்கத்துத் தொழிற்சாலை என்றால், கன்சல்டன்ட் ஒருவர் வேறு யாருக்கோ தயாரித்ததில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தது. சில நேரம் நாலாம் பக்கத்தில் பழைய கம்பெனியின் பெயர் அப்படியே நிற்கும். விளக்குத்தூண், மாசி வீதிக் கடைகளில் கொள்கை என்று தனியாக எதுவும் இருக்காது. சேரும்போது கையெழுத்து வாங்கிய நிபந்தனைத் தாளும், பில் போடும் இடத்துக்குப் பின்னால் ஒட்டிய அறிவிப்பும்தான் அங்கே கொள்கை.

மூன்றிலும் தப்பான வரிகள் இருக்கும். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று எழுதியவை அல்ல. யாரும் படிக்காததால் தங்கிவிட்டவை. அதனால் திருத்த வைப்பதும் முடியாத காரியமில்லை. ஊழியர்கள் வழக்கமாகச் செய்வது, "இந்தக் கொள்கை சரியில்லை" என்று சொல்லிவிட்டு வருவது. அப்படிச் சொன்னால் நிர்வாகத்துக்கு அது புதிதாக ஒரு வேலை, கூடவே ஒரு சந்தேகம். அதற்குப் பதிலாக எந்த வரி, எந்தச் சட்டத்தோடு முட்டுகிறது, அந்த இடத்தில் என்ன வரி போட வேண்டும் என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மறுப்பதைவிட ஏற்றுக்கொள்வது அவர்களுக்குச் சுலபமாக இருக்க வேண்டும். கீழே உள்ள எல்லாமே அதற்கான வழிதான்.

1. காகிதத்தைக் கையில் வாங்குங்கள்

கொள்கையைக் காட்டச் சொல்வது சலுகை கேட்பதல்ல. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தண்டனை விவரத்தையும், இந்தப் புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவை அமைத்த உத்தரவையும் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது (21-ஆம் பிரிவு). இணையதளத்தில் போட வேண்டும், இல்லையென்றால் வளாகத்தில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் வந்த 2020 விதிகளும் ஒரு சமவாய்ப்புக் கொள்கையைக் கேட்கின்றன. ஆக, "எதுக்குக் கேக்குற?" என்றால், "போர்டுல இருக்க வேண்டியது சார், காணோம், அதான்" என்பதே போதுமான பதில்.

கையில் கிடைத்ததும் தேதியையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிரதி தனியாக இருந்தால் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில் சரியாக இருக்கும் வரி தமிழில் தலைகீழாகப் போயிருப்பது உண்டு, தொழிலாளர்கள் படிப்பதோ தமிழைத்தான். வேலை நியமன உத்தரவையும் பக்கத்தில் வையுங்கள். கொள்கையில் இல்லாத பாகுபாடு நியமன உத்தரவில் ஒளிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: கம்பெனி ஆவணத்தைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். சில இடங்களில் அதையே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாக்குவார்கள். தேவையான வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

2. எந்த வரி தப்பு?

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

*சாதி விடுபட்ட பட்டியல்.* வெளிநாட்டிலிருந்து வந்த கொள்கைகளில் முதலில் தேட வேண்டியது இது. இங்கிலாந்தின் 2010 சமத்துவச் சட்டத்தில் 9 தன்மைகள் பாதுகாக்கப்படுகின்றன: வயது, மாற்றுத்திறன், பாலின மாற்றம், திருமண நிலை, கர்ப்பமும் மகப்பேறும், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பாலினம், பாலீர்ப்பு. லண்டனுக்கு அது பொருந்தும். அப்படியே மதுரைக்கு வந்தால் தோலின் நிறம்கூட இருக்கும், சாதி இருக்காது. இங்கே இன்டர்வியூவில் "எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?" என்று கேட்பது எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத சமத்துவக் கொள்கை இந்த ஊருக்கு எழுதியதல்ல.

இதில் சட்ட நிலையை மிகைப்படுத்த வேண்டாம். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்று ஐந்தைச் சொன்னாலும், அது முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 தனியார் இடத்திலும் பாயும், ஆனால் அது குற்றங்களுக்கானது. தனியார் நிறுவனம் தன் பட்டியலில் சாதியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லும் சட்டம் கிடையாது. எனவே இதைக் கோரிக்கையாக வையுங்கள், சட்டமீறல் என்று எழுதாதீர்கள்.

*பாலியல் துன்புறுத்தல் பகுதி.* இங்கே தப்புகள் நேரடிச் சட்டமீறல்கள். மிக மோசமானது: "புகார் நிரூபிக்கப்படாவிட்டால் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்." சட்டத்தின் 14-ஆம் பிரிவு இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. நிரூபிக்க முடியாமல் போனதோ, போதிய ஆதாரம் தர முடியாததோ மட்டும் நடவடிக்கைக்குக் காரணமாகாது. கெட்ட எண்ணத்தோடு கொடுத்த பொய்ப் புகார் என்று முறையான விசாரணையில் நிறுவினால்தான் நடவடிக்கை. மேலே சொன்ன ஒரு வரி போர்டில் தொங்கும்வரை அந்த இடத்தில் புகார் வராது. "எங்ககிட்ட ஒரு புகார்கூட இல்லை" என்று நிர்வாகம் பெருமையாகவும் சொல்லிக்கொள்ளும்.

இன்னும் சில:

- "பெண் ஊழியர்கள் புகார் தரலாம்." சட்டப்படி வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தப் பெண்ணும் தரலாம். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், பயிற்சிக்கு வந்த மாணவி, கடைக்கு வந்த வாடிக்கையாளர் எல்லாரும் இதில் அடக்கம்.
- "30 நாட்களுக்குள்." சட்டம் தருவது 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம்.
- "அலுவலக வளாகத்துக்குள் நடந்தால் மட்டும்." வேலையின் பொருட்டுப் போகும் இடமும், கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே. இரவு ஷிப்ட் முடிந்து திருமங்கலத்துக்கோ மேலூருக்கோ கேப்பில் போகிறவர்களுக்கு முக்கியமான வரி இது.
- "முதலில் மேனேஜர் முன்னிலையில் பேசித் தீர்க்க வேண்டும்." சமரசம் அந்தப் பெண்ணே கேட்டால்தான். அதிலும் பணம் கொடுத்து முடிப்பதற்கு இடமில்லை.

குழுவின் பெயர் 2016 திருத்தத்துக்குப் பிறகு "உள்ளகக் குழு". இன்னும் எல்லாரும் பழைய ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ஐ.சி.சி. என்றுதான் சொல்கிறோம். அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

*மாற்றுத்திறனாளிகள்.* 1995 சட்டம் பற்றிய குறிப்பு இருந்தால் அந்தப் பத்தியே காலாவதி. அதில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, 2016 சட்டத்தில் 21. "ஊனமுற்றோர்" என்ற சொல்லைத் தமிழ்நாடு அரசே தன் துறையின் பெயரிலிருந்து எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் சொல்லை மட்டும் மாற்றி வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். 20 பேரும் அதற்கு மேலும் உள்ள தனியார் நிறுவனத்தின் கொள்கையில் எந்தெந்தப் பணியிடங்கள் பொருந்தும், எப்படித் தேர்வு செய்வார்கள், என்ன வசதிகள் உண்டு, பொறுப்பு அலுவலர் யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். "மாற்றுத்திறனாளிகளை மதிக்கிறோம்" என்ற ஒற்றை வரி இந்த விதிக்கு ஈடாகாது.

*மகப்பேறு.* "திருமணமான பெண் ஊழியர்களுக்கு" என்று இருந்தால் முதல் சொல்லை அடியுங்கள். சட்டம் திருமணத்தைக் கேட்கவில்லை. கேட்பது, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை. "12 வாரம்" என்று இருந்தால் அது 2017-க்கு முந்தைய காகிதம். இப்போது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்குப் பிறகு 12 வாரம்.

*சம்பளமும் ஷிப்டும்.* 1976 சம ஊதியச் சட்டத்தைச் சொல்லும் கொள்கைகள் ஏராளம். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. "பெண்கள் இரவு ஷிப்டுக்கு எடுக்கப்பட மாட்டார்கள்" என்ற வரியும் பழசு. தொழிற்சாலைகளில் இருந்த அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே ரத்து செய்தது. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைச் சட்டத் தொகுப்பு, 2020-உம் பெண்களின் சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாட்டோடும் அனுமதிக்கிறது.

*திருநர்.* "ஆண், பெண் இருபாலருக்கும் சம வாய்ப்பு" என்பது நல்ல எண்ணத்தில் எழுதியதாகவே இருக்கும், ஆனால் வெளியே நிற்க வைப்பது அதுதான். 2019 சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் திருநர் மீதான பாகுபாட்டைத் தடை செய்கிறது. 11-ஆம் பிரிவு புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. எந்தச் சொல்லைப் போடுவது என்று எச்.ஆர். தயங்கினால், உயர் நீதிமன்றம் சொல்லித் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் இருக்கிறது. திருநங்கை, திருநம்பி எல்லாம் அதில் உண்டு.

*கடைகளுக்கு ஒன்று.* "வேலை நேரத்தில் உட்காரக் கூடாது" என்று நிபந்தனைத் தாளில் இருந்தால் அதுவும் திருத்த வேண்டியதே. 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு இருக்கை வசதி கட்டாயமாகிவிட்டது. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று பார்த்தால் இது ஏன் சமத்துவ விஷயம் என்று புரியும்.

கடைசியாக, எந்தப் பத்தியானாலும் வினைமுற்றைப் பாருங்கள். சட்டம் "செய்ய வேண்டும்" என்கிற இடத்தில் கொள்கை "செய்யலாம்", "முடிந்தவரை", "நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டு" என்று நழுவியிருக்கும். நாசூக்காக எழுதப்பட்ட தப்புகள் பெரும்பாலும் இந்த "லாம்"-இல்தான் இருக்கும்.

3. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள்

கண்டதை மூன்றாகப் பிரியுங்கள்: சட்டத்துக்கு விரோதமானவை, காலாவதியானவை, நன்றாக இல்லாதவை. முதல் கடிதத்தில் முதல் வகை மட்டும், அதுவும் நாலைந்துக்கு மேல் போக வேண்டாம். இருபது திருத்தம் கொடுத்தால், அதில் மிகச் சின்னதைப் பிடித்துக்கொண்டு "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று மொத்தத்தையும் ஓரம் கட்டுவார்கள்.

4. மாற்று வரியை நீங்களே எழுதுங்கள்

ஒவ்வொரு திருத்தத்துக்கும் மூன்று பகுதி. மாதிரிக்கு:

> இப்போது உள்ளது: பக்கம் 6, பத்தி 3. "புகார் நிரூபிக்கப்படாவிட்டால் புகார்தாரர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்."
> காரணம்: 2013 சட்டம், பிரிவு 14-க்கு முரண்.
> மாற்று வரி: "புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் யார் மீதும் நடவடிக்கை எடுக்கப்படாது. தெரிந்தே கெட்ட எண்ணத்துடன் கொடுக்கப்பட்ட பொய்ப் புகார் என்று உள்ளகக் குழு தனியாக விசாரித்து முடிவு செய்தால் மட்டுமே, அதன் பரிந்துரைப்படி நடவடிக்கை எடுக்கப்படும்."

சாதிக்கான வரி இப்படி இருக்கலாம்:

> "வேலைக்கு எடுப்பது, சம்பளம், ஷிப்ட், பதவி உயர்வு, வேலையிலிருந்து நீக்குவது எதிலும் சாதி, மதம், பாலினம், பாலின அடையாளம், மாற்றுத்திறன், திருமண நிலை, பிறந்த ஊர் ஆகியவற்றின் அடிப்படையில் வேறுபாடு காட்டப்படாது. ஒருவரின் சாதியை நேரடியாகவோ, ஊர், தெரு, குலதெய்வம் முதலியவற்றைக் கேட்டு மறைமுகமாகவோ விசாரிப்பதும் இக்கொள்கையை மீறும் செயலாகும்."

வரியில் கோபம் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். கொள்கையின் மற்றப் பக்கங்கள் எந்த நடையில் இருக்கின்றனவோ அதே நடையில் எழுதுங்கள். வெட்டி ஒட்டினால் தையல் தெரியக் கூடாது.

5. யாரிடம் கொடுப்பது

மதுரைக் கிளையின் எச்.ஆருக்குப் பெங்களூரிலோ லண்டனிலோ எழுதிய கொள்கையில் கை வைக்க அதிகாரம் இருக்காது. அவரிடம் "கொள்கையை மாற்றுங்கள்" என்றால் "நம்ம கையில இல்லைங்க" என்பார், அது உண்மையும்கூட. அவரிடம் கேட்க வேண்டியது இந்திய இணைப்பு. மூலக் கொள்கை அப்படியே இருக்கட்டும், "இந்தியாவில் பணிபுரிவோருக்குக் கீழ்க்கண்டவை பொருந்தும்" என்று இரண்டு பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்குத் தலைமை அலுவலகம் சம்மதிப்பது எளிது.

கல்லூரியில் தாளாளர், மருத்துவமனையில் நிர்வாக அலுவலர். கடையில் முதலாளியை விட அவருடைய ஆடிட்டர் சொன்னால் காரியம் நடக்கும். தொழிற்சாலையில் அந்த வரி ஸ்டாண்டிங் ஆர்டரில் (அரசுச் சான்று பெற்ற பணி விதிகளில்) இருந்தால் எச்.ஆர். நினைத்தாலும் தனியாக மாற்ற முடியாது. தொழிலாளர் துறையின் சான்றளிக்கும் அதிகாரி வழியாகத்தான் திருத்த வேண்டும், எனவே யூனியனோடு போங்கள்.

பலர் மறந்துவிடும் ஒரு கதவு, உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினர். 10 பேரும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு இடத்திலும் குழு இருக்க வேண்டும், அதில் வெளியிலிருந்து ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவருக்கு உங்கள் மேனேஜரிடம் பயம் கிடையாது. அவர் கூட்டத்தில் சொல்லிப் பதிவானால் அது நிறுவனத்தின் ஆவணமாகிவிடும்.

தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு மூன்று துறைகளிலிருந்து ஆள் சேருங்கள், ஆண்களும் இருக்கட்டும். எந்த வரியால் யார் பாதிக்கப்பட்டாரோ அவரை முன்னால் நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. திருத்தம் கேட்டதற்காக உங்களைப் பழிவாங்கக் கூடாது என்று தனியாகச் சொல்லும் பொதுச் சட்டம் இங்கே இல்லை. கூட்டாகப் போவதுதான் கைவசம் உள்ள பாதுகாப்பு.

6. எப்போது

ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசனில் ஜவுளிக்கடை அண்ணாச்சியிடம் எந்தக் காகிதத்தையும் நீட்டாதீர்கள். பொங்கல் முடிந்து போங்கள். கல்லூரி என்றால் தர மதிப்பீட்டுக்கு நாக் (NAAC) குழு வருவதற்கு முன், ஐ.டி. நிறுவனம் என்றால் வெளிநாட்டு கிளையன்ட் ஆடிட்டுக்கு முன். உள்ளகக் குழு தன் ஆண்டறிக்கையைத் தயாரிக்கும் ஜனவரியும் நல்ல நேரம். பதிவு பெற்ற பல கம்பெனிகள், உள்ளகக் குழு விதிகளைப் பின்பற்றியதாக இயக்குநர் குழு அறிக்கையிலேயே உறுதி சொல்ல வேண்டியிருக்கிறது. தப்பான கொள்கையை வைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போட எந்த கம்பெனி செக்ரட்டரியும் விரும்ப மாட்டார்.

7. நேரில் பேசும்போது

"நம்ம இடத்துல அப்படி எதுவும் நடக்கலையேம்மா." இதற்கு, நடந்தது என்று வாதாடப் போகாதீர்கள். "நடக்கலை சார். நடந்தா இந்த வரி கம்பெனிக்கு எதிராத்தான் போகும், அதுக்குள்ள மாத்திடலாம்னுதான்."

"சும்மா பேப்பர்தானே?" என்றால், "பேப்பர்தான் சார், மாத்துறதும் சுலபம்."

"லீகல் பாக்கணும்." நல்லது. எந்தத் தேதிக்குள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"யார் சொல்லிக்கொடுத்து வந்தீங்க?" இந்தக் கேள்விக்குப் பெயர் எதையும் சொல்ல வேண்டாம். சட்டப் பிரிவைக் காட்டினால் போதும்.

பேசி முடித்த அன்றே ஒரு மெயில்: இன்ன தேதியில் சந்தித்தோம், இன்ன திருத்தங்கள் கொடுத்தோம், இன்ன தேதிக்குள் பதில் தருவதாகச் சொன்னீர்கள், நன்றி. மெயில் புழங்காத இடத்தில் கடிதத்தின் நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் தபால்தான். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, எனவே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

8. பதிலே வராவிட்டால்

ஒரு மாதம் பொறுத்து நினைவூட்டல், அதற்கும் அசையாவிட்டால் வெளியே. எந்த வரி என்பதைப் பொறுத்து வாசல் மாறும்.

பாலியல் துன்புறுத்தல் பகுதி என்றால் மாவட்ட அலுவலருக்கு எழுத வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட சமூகநல அலுவலகத்திலோ விசாரித்தால் யாருக்கு என்று சொல்வார்கள். சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி மீறினால் இரண்டு மடங்கு, உரிமமும் ரத்தாகலாம். மாற்றுத்திறனாளிகள் பகுதி என்றால் சென்னையில் உள்ள மாநில ஆணையர். சட்டத்துக்குப் பொருந்தாத கொள்கைகளைக் கண்டு திருத்தம் பரிந்துரைப்பது அவர் வேலைகளிலேயே ஒன்று. முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம். சம்பளம், மகப்பேறு, இருக்கை எல்லாம் தொழிலாளர் துறை.

அரசு அல்லது அரசு உதவி பெறும் நிறுவனத்தில் இருந்தால் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய்க் கட்டணத்தில் கொள்கையின் நகலையும் குழு அமைத்த உத்தரவையும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்ட மாத்திரத்திலேயே புதுக் கொள்கை தயாராகிவிடுவதும் உண்டு. உயர் நீதிமன்றக் கிளை ஒத்தக்கடை பக்கத்திலேயே இருக்கிறதே, ரிட் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். ரிட் பொதுவாக அரசு சார்ந்த அமைப்புகளுக்கு எதிராகத்தான் செல்லும். தனியார் கம்பெனியின் கொள்கை வரிக்காக அங்கே போவது பெரும்பாலும் வீண் செலவு. சட்ட ஆலோசனை தேவையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் இலவச உதவிக்குத் தகுதியானவர்கள். தொலைபேசி 15100.

9. திருத்திவிட்டோம் என்று சொன்ன பிறகு

மெயிலில் "அப்டேட் பண்ணியாச்சு" என்று வந்ததும் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். புதிய பிரதியைத் திறந்து, நீங்கள் கொடுத்த வரியோடு ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். லீகல் டேபிளைத் தாண்டி வரும்போது "வேண்டும்" மறுபடி "லாம்" ஆகியிருக்கும். அப்புறம் தமிழ்ப் பிரதி, நியமன உத்தரவின் மாதிரிப் படிவம், புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்டும் ஸ்லைடு, ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தக்காரரோடு போட்ட அக்ரிமென்ட், கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டு. பழைய வரி இவற்றில் ஏதாவது ஒன்றில் தங்கியிருக்கும். அதையும் பக்க எண்ணோடு குறித்து, அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள்.

அது முடிந்ததும், மூன்றாம் படியில் ஒதுக்கி வைத்த காலாவதிப் பட்டியலை எடுக்கலாம்.